சோளக்காட்டில் பார்த்தது சிறுத்தைதானா? ஒரு வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மலை அடிவாரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளக் காடு, நடுவில் ஒரு ஓடை. மூன்று வாரமாக ஊரில் மூன்று பேர் சிறுத்தையைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். என் கணவர் பைக் வெளிச்சத்தில் அது பாதையைத் தாண்டியதைப் பார்த்தார். பால் ஊற்றப் போனவர் விடியற்காலையில் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாராம். இன்னொருவர் அது கறுப்பாக இருந்தது என்கிறார். இரண்டு ஆடுகள் செத்துப்போயின. வனத்துறையிலிருந்து வந்தவர் காட்டுப்பூனையாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார், ஊரில் யாரும் அதை ஏற்கவில்லை. கூண்டு வைக்கச் சொல்லி மறியல் செய்யலாம் என்கிறார்கள் சிலர், செத்த ஆட்டில் மருந்து வைத்துவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். என் மகள் டியூஷன் முடித்து இரவு ஏழு மணிக்கு அந்தப் பாதையில்தான் வருகிறாள். அது சிறுத்தைதானா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் மகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இன்றிலிருந்து அவள் அந்தப் பாதையில் தனியாக வர வேண்டாம். பெரியவர் ஒருவர் போய்க் கூட்டி வரட்டும், கையில் நல்ல டார்ச் இருக்கட்டும், இரண்டு பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டே வரட்டும், செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டு வந்தாலும் சரி. சிறுத்தை மனிதக் குரல் கேட்டால் ஒதுங்கிப் போகிற பிராணி. ஆனால் உருவத்தில் சிறிய குழந்தைகளும், இருட்டில் குனிந்தோ குத்தவைத்தோ இருப்பவர்களும் அதன் கண்ணுக்கு இரையைப் போலத் தெரிய வாய்ப்பு உண்டு, ஆகவே இரவில் வெளிக்குப் போகிறவர்கள், காட்டில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், வாசலில் கட்டில் போட்டுக் குழந்தையோடு தூங்குகிறவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இதற்கு யாருடைய உறுதிமொழிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வந்தது சிறுத்தை என்றால் இது உயிரைக் காக்கும், இல்லையென்றால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, அது சிறுத்தைதானா? கடிதத்தை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று பேரும் எதையோ பார்த்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று பேரும் பார்த்தது ஒரே பிராணியா என்பதே நமக்குத் தெரியாது. முதல் ஆள் ‘சிறுத்தை’ என்று சொன்ன பிறகு, அடுத்து இருட்டில் எது ஓடினாலும் அது சிறுத்தையாகத்தான் தெரியும். யாரையும் பொய்யர் என்று சொல்ல இதை எழுதவில்லை, பயந்த மனது எல்லோருக்கும் அப்படித்தான் வேலை செய்யும். அதனால் மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

உங்கள் கணவரிடம் உடம்பு நிறத்தைக் கேட்க வேண்டாம், பைக் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். வாலைக் கேளுங்கள். சிறுத்தையின் வால் நீளமானது, கிட்டத்தட்ட மூன்று அடி வரை கூட இருக்கும், நடக்கும்போது தாழ்ந்து வந்து நுனியில் மேலே வளையும், பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். காட்டுப்பூனைக்கு, அதாவது நம் ஊர்ப் பக்கம் வெருகு என்று சொல்கிறார்களே அதற்கு, வால் குட்டை, பின்னங்காலின் குதிமூட்டுக்குச் சற்றுக் கீழே வரைதான் வரும், நுனிப் பக்கம் கறுப்பு வளையங்கள் இருக்கும். காதுநுனியில் கொஞ்சம் கறுப்பு முடி இருக்கும். கால்கள் நீளம். அந்தக் கால் நீளத்தால்தான் எட்டு கிலோ தேறாத பிராணி தூரத்தில் பார்க்கும்போது பெரிய மிருகமாகத் தெரிகிறது. சோளக்காடு, கரும்புத் தோட்டம், நாணல் மண்டிய ஓடைக்கரை, எலி நிறைந்த வயல் எல்லாம் அது வழக்கமாக வாழ்கிற இடங்கள், ஆகவே வனத்துறைக்காரர் சொன்னது வாய்க்கு வந்ததைச் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கால்தடமோ எச்சமோ தேடாமல் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அது போதாது. உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

புள்ளி இருந்தது என்று யாராவது சொன்னால் அது மட்டும் போதாது. புனுகுப்பூனைக்கும் உடம்பெல்லாம் புள்ளி உண்டு, வாலில் பட்டை பட்டையாக வளையம் இருக்கும், முகம் கூர்மையாக இருக்கும்.

அளவைச் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது, நான் போகிற ஊர்களில் எல்லாம் இதைச் செய்யச் சொல்வேன். உங்கள் கணவர் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அதே நேரத்தில், அதே பைக் வெளிச்சத்தோடு நிற்கட்டும். பிராணி தாண்டிய இடத்தில் இன்னொருவர் இரண்டடிக் குச்சி ஒன்றையும் ஒன்றேகாலடிக் குச்சி ஒன்றையும் மாற்றி மாற்றி நட்டுக் காட்டட்டும். சிறுத்தையின் தோள் உயரம் ஏறத்தாழ இரண்டடி, காட்டுப்பூனைக்கு அதில் பாதியைவிடச் சற்று அதிகம். முதுகு எந்தக் குச்சிக்கு வந்தது என்று அவரே சொல்லிவிடுவார். இருட்டில் தூரத்தையும் அளவையும் கண்ணால் மட்டும் கணிப்பது பழகியவர்களுக்கே கடினம், அதனால் இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கறுப்பாகப் பார்த்தவர் கதை வேறு. கருஞ்சிறுத்தை என்பது தனி இனம் இல்லை, பிறவியிலேயே கருநிறம் மிகுந்து பிறந்த சிறுத்தைதான், நல்ல வெளிச்சத்தில் அதன் உடம்பிலும் பூப்போன்ற புள்ளிகள் தெரியும். இவை பெரும்பாலும் ஈரமான அடர்காடுகளில் காணப்படுகிறவை. சமவெளிச் சோளக்காட்டுக்கு ஒரு சிறுத்தை வருவதே அபூர்வம், அதுவும் கருஞ்சிறுத்தையாக இருப்பது அதைவிட அபூர்வம். பின்னால் வெளிச்சம் இருந்தால் சாதாரண நாய்கூடக் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். இந்த மூன்றில் நான் மிகக் குறைந்த எடை கொடுப்பது இதற்குத்தான். பால் ஊற்றப் போனவர் பார்த்ததற்கு அதிக எடை கொடுப்பேன், ஏனென்றால் அது உட்கார்ந்திருந்தது, விடியற்காலை, அவருக்கு நின்று பார்க்க நேரம் இருந்திருக்கும். அவரிடம் யாரும் ‘சிறுத்தைதானே?’ என்று கேட்காமல், ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று மட்டும் கேட்டு, சொன்னதை அப்படியே தேதி, நேரம், இடத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மலையிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி வருமா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வரும். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகரத்துக்குள் ஒரு சிறுத்தை நடந்தது கண்காணிப்பு கேமராவில் பதிவானது நினைவிருக்கும், பக்கத்தில் மலையே இல்லாத டெல்டா மாவட்டம் அது. கூண்டு, தானியங்கி கேமரா என்று எல்லாம் வைத்துத் தேடினார்கள், அங்கே அகப்படவில்லை, சில நாட்களில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று செய்தி வந்தது. மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற ஊரைச் சுற்றி வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளர் தானியங்கி கேமரா வைத்துப் பார்த்தபோது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிற, சொல்லிக்கொள்ளும்படி காடே இல்லாத கரும்பு வயல் பகுதியில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சிறுத்தைகள் இருந்தன, 2013-இல் அது ஆய்வுக்கட்டுரையாக வெளியானது. தமிழ்நாட்டில் 2022 மதிப்பீட்டின்படி சிறுத்தைகள் 1,070. தாயைப் பிரிந்த இளம் ஆண்கள் தனக்கென்று ஓர் இடம் தேடி வெகுதூரம் போகும், ஓடையும் ஆற்றங்கரையும்தான் அவற்றுக்குப் பாதை. உங்கள் ஊர் ஓடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், மலைப்பக்கத்திலிருந்து என்றால் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

ஆனால் வரும் என்பதற்கும் வந்திருக்கிறது என்பதற்கும் இடையில் தடயம் என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் பாட்மின் மூர் என்ற மேட்டுநிலத்தில் பெரிய பூனை ஒன்று உலவுகிறது என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டார்கள், கால்நடைகள் சாகின்றன என்று புகார் போனது, 1995-இல் அந்நாட்டு விவசாய அமைச்சகமே விசாரித்தது. ஆதாரம் கிடைக்கவில்லை, அதற்காக இல்லவே இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்று அறிக்கை வந்தது. சில நாட்களிலேயே ஆற்றில் ஒரு மண்டையோடு கிடைத்தது, உண்மையான சிறுத்தை மண்டையோடு! லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பரிசோதித்தபோது அதற்குள் வெப்பமண்டலக் கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடு இருந்தது, மண்டையின் பின்புறம் வெட்டப்பட்டிருந்தது, எங்கோ வெப்ப நாட்டில் கொல்லப்பட்டுத் தோல் விரிப்பாக வந்த சிறுத்தை அது என்று முடிவானது. இதற்கு நேர்மாறாக அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 2011-இல் பியூமா என்ற பெரிய பூனையினப் பிராணியைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அந்த மாநிலத்தில் அந்த இனம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. ஜூன் மாதம் ஒரு ஆண் பியூமா நெடுஞ்சாலையில் காரில் அடிபட்டுச் செத்தது, மரபணுவைப் பார்த்தால் அது 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் தெற்கு டகோடாவின் மலைகளிலிருந்து நடந்து வந்த பிராணி, வழியில் மற்ற மாநிலங்களில் அது விட்டுச்சென்ற எச்சமும் முடியும் அதையே சொன்னன. எடுத்தவுடன் நம்பியவர்கள் ஓரிடத்தில் தவறினார்கள், எடுத்தவுடன் மறுத்தவர்கள் இன்னோரிடத்தில் தவறியிருப்பார்கள், இரண்டு இடத்திலும் விஷயத்தை முடித்துவைத்தது கையில் கிடைத்த தடயம்.

உங்களிடம் இருந்த பெரிய தடயம் அந்த இரண்டு ஆடுகள், ஆனால் அவை எப்படிச் செத்தன என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சிறுத்தை வழக்கமாகத் தொண்டையைக் கவ்வி மூச்சை அடக்கும், அங்கே ஆழமான பல் ஓட்டைகள் இருக்கும், அதிகச் சிதைவு இருக்காது, பிறகு இழுத்துக்கொண்டு போய் மறைவில் வைத்துத் தின்னும், இழுத்த தடம் தெரியும். பின்தொடை, வயிறு, காது என்று பல இடத்தில் கடித்துக் குதறியிருந்தால், ஒரே இரவில் நாலைந்து ஆடுகள் காயப்பட்டுத் தின்னாமல் கிடந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு நாய்க்கூட்டத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். இரவில் கூட்டம் சேர்ந்த தெருநாய்கள் ஆட்டுப்பட்டிக்குச் செய்கிற சேதம் பலரும் நினைப்பதைவிட அதிகம். காட்டுப்பூனை கோழியைத் தூக்கும், வளர்ந்த ஆட்டைக் கொல்லாது. இனி ஏதாவது நடந்தால் ஆட்டை நகர்த்தாதீர்கள், சுற்றிலும் நடமாடித் தடத்தை அழிக்காதீர்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ செருப்போ வைத்துக் கழுத்து, வயிறு, தரை எல்லாவற்றையும் படம் எடுங்கள், உடனே வனச்சரகருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் நிவாரணம் கேட்பதும் கஷ்டம்.

கால்தடத்தைப் பொறுத்தவரை, பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், எனவே தடத்தில் நகக்குறி பதியாது. நாய்க்கும் கழுதைப்புலிக்கும் பதியும். பூனைத் தடம் வட்டமாக இருக்கும், பின் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்புகள் தெரியும். சிறுத்தைத் தடம் ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் அகலம் வரும், காட்டுப்பூனைக்கு நாலைந்து சென்டிமீட்டர்தான். சேற்றில் வழுக்கிய தடம் பெரிதாகத் தெரியும், வெயிலில் காய்ந்த தடத்தின் விளிம்பு உதிர்ந்தும் பெரிதாகும், அதனால் ஒரே தடத்தைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஓடைக்கரையில் அது போய்வரும் என்று நினைக்கிற இடத்தில் நாலடிக்கு மண்ணைச் சலித்துப் பரப்பி, சாயங்காலம் துடைப்பத்தால் சமன் செய்துவிட்டு, காலையில் போய்ப் பாருங்கள். செலவே இல்லாத வேலை, பள்ளிக்கூடப் பையன்கள்கூடக் காலையில் பெரியவர்களோடு போய்ப் பார்க்கலாம். தடம் கிடைத்தால் ஸ்கேல் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்து, ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். எச்சம் கிடைத்தால் கையால் தொடாமல் காகிதத்தில் எடுத்து நிழலில் உலர்த்தி வனத்துறையிடம் கொடுங்கள், அதிலிருந்து மரபணுவைப் பிரித்து என்ன பிராணி என்று சொல்ல வண்டலூரிலும் ஐதராபாத்திலும் ஆய்வகங்கள் இருக்கின்றன.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோக்களைப் பற்றி ஒரே வார்த்தை: எடுத்தவர் யார், எந்த இடம் என்று நேரில் காட்ட முடியாத எதையும் அனுப்பாதீர்கள். வேறு மாநிலத்து வீடியோவோ, கம்ப்யூட்டரில் உருவாக்கிய படமோ ஒன்றை அனுப்பி, அது பொய் என்று தெரிந்துவிட்டால், அடுத்த நாள் நீங்கள் கொண்டுபோகிற உண்மையான தடத்தைக்கூட அதிகாரிகள் நம்ப மாட்டார்கள்.

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தென்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சிறுத்தையைப் பிடிப்பது கூடாது என்பதுதான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். அதற்குக் காரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பகுதியில் 2001-லிருந்து 2003 வரை சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள், மனிதர்கள்மீது தாக்குதல் பல மடங்கு கூடியது, விட்ட இடங்களின் பக்கத்திலும் புதிதாகத் தாக்குதல்கள் ஆரம்பித்தன. பழக்கமில்லாத ஊரில், பயத்தோடு, காயத்தோடு விடப்பட்ட பிராணி என்ன செய்யும்? காலியான இடத்துக்கு வேறொன்று வரும் என்பது இன்னொரு பக்கம். மனிதரைத் தாக்கியிருந்தாலோ, வீடு, கிணறு போன்ற இடத்தில் சிக்கியிருந்தாலோ பேச்சே வேறு, அப்போது பிடித்தே ஆக வேண்டும், அந்த உத்தரவைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் தர வேண்டும். ஆகவே மறியலில் கூண்டு கேட்பதைவிட, மனு எழுதி இதைக் கேளுங்கள்: ஓடைக்கரையில் தானியங்கி கேமரா குறைந்தது இரண்டு வாரத்துக்கு வேண்டும், இரவு ரோந்து வேண்டும், டியூஷன் பாதையில் தெருவிளக்கு வேண்டும், ஊராட்சியில் வந்து தடத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு வனவர் வேண்டும். மனுவோடு உங்கள் நோட்டின் நகலை இணையுங்கள். இதை மறுப்பது எந்த அதிகாரிக்கும் கஷ்டம்.

மருந்து வைக்கிற பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். விஷம் வைத்த ஆட்டை முதலில் தின்பது ஊர் நாயும் காக்கையும் நரியும்தான், சிறுத்தை வந்து தின்னும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. அது செத்தால் வைத்தவருக்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வருஷம் வரை சிறை. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் அப்படியே, அதில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

ஒருவேளை பகலில் சோளக்காட்டுக்குள் அது படுத்திருப்பது உறுதியாகத் தெரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது, கல் எறியக் கூடாது. அவிநாசிப் பக்கம் பாப்பாங்குளத்தில் 2022 ஜனவரியில் சோளக்காட்டில் இருந்த சிறுத்தை, அங்கே போன விவசாயிகளைத் தாக்கியது, பிறகு திருப்பூர் நகரத்தை ஒட்டித்தான் மயக்க ஊசி போட்டுப் பிடிக்க முடிந்தது. அதே மாதம் கோவையில் பழைய கிடங்கு ஒன்றுக்குள் புகுந்த சிறுத்தையை, வனத்துறையினர் வாசலில் கூண்டு வைத்துவிட்டு நாள்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தார்கள், அது தானாகவே கூண்டுக்குள் வந்தது, யாருக்கும் கீறல்கூட இல்லை. கூட்டம் சேர்வதைத் தடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆடுகளை இரவில் மேல்கூரையோடு மூடிய பட்டியில் அடையுங்கள், திறந்த பட்டி சிறுத்தைக்குத் தடையே இல்லை. கோழிக்கழிவையும் இறைச்சிக்கழிவையும் ஓடையில் கொட்டுவதை ஊராட்சி நிறுத்த வேண்டும், அதற்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும், அகோலேப் பகுதியில் சிறுத்தை எச்சங்களைப் பரிசோதித்தபோது அதிகம் தின்றிருந்தது நாய்களைத்தான்.

இன்னும் சில வாரங்களில் சோளம் அறுவடைக்கு வந்துவிடும். அறுக்கும்போது வரப்போரத்தில் பூனைக்குட்டி போன்ற குட்டிகள் கிடைக்கலாம், அனேகமாக அவை காட்டுப்பூனைக் குட்டிகளாக இருக்கும், சிறுத்தைக் குட்டி என்றால் உடம்பெல்லாம் நெருக்கமாகப் பூப்புள்ளி இருக்கும். எதுவாக இருந்தாலும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், கையில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். அந்த இடத்தைச் சுற்றி அறுவடையை அன்றைக்கு நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், ஆட்கள் விலகிப்போனால் தாய் இரவில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அறுக்கிற ஆட்களிடம் இதை முந்தின நாளே சொல்லி வையுங்கள்.